ஊரில் "கல்லடைப்பு" என்று சொல்லி வைத்திருக்கிறோம்

வலங்கைமான்_அம்மா
ஜூன் 9, இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் எழுதத் துணிந்தேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கைபேசியில்தான் தட்டுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு 66 வயது. ஒன்பது மா (மூன்று ஏக்கர்) நிலம், சொந்தமாகப் பார்க்கிற விவசாயம். பங்குனியில் ஒரு நாள் ராத்திரி ஒண்ணுக்குப் போக முடியாமல் துடித்துப் போய்விட்டார். கும்பகோணம் கொண்டுபோய் டியூப் போட்டார்கள். அப்புறம் ரத்தம் எடுத்துப் பார்த்தால் பி.எஸ்.ஏ. (ஆண்களுக்கு இருக்கிற புராஸ்டேட் சுரப்பியில் கோளாறு இருந்தால் ரத்தத்தில் ஏறுவது) 48. அது 4-க்குள் இருக்க வேண்டும் என்றார்கள். ஸ்கேன், சதை எடுத்துப் பரிசோதனை எல்லாம் முடிந்து புராஸ்டேட் கேன்சர் என்று வந்தது. க்ளீசன் (கேன்சரின் வீரியத்தைச் சொல்கிற மதிப்பெண்) 8. எலும்பு ஸ்கேனில் பரவல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஹார்மோன் ஊசி, மூன்று மாதத்துக்கு ஒன்று. இடையில் தஞ்சாவூரில் 20 நாள் கரண்ட் (கதிர் சிகிச்சை) வைக்க வேண்டும். ஜூலையில் ஆரம்பம்.

மருத்துவத்தில் எனக்குக் குழப்பம் இல்லை, டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். என் பாரம் வேறு. இந்த வியாதியை யாரிடமும் சொல்லக் கூடாது என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஊரில் "கல்லடைப்பு" என்று சொல்லி வைத்திருக்கிறோம். பெரியவளுக்கு மட்டும் தெரியும், அவள் கோயம்புத்தூரில். சின்னவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சுவரை ஒட்டின வீடு இவருடைய தம்பி வீடு, அவர்களுக்குக்கூடத் தெரியாது. என் ஓரகத்தி தினமும் வாழைத்தண்டு கொண்டுவந்து கொடுக்கிறாள், கல் கரையட்டும் என்று. அதை வாங்கும்போது கை கூசுகிறது. வாங்கி, நறுக்கி, நார் எடுத்து, மோரில் போட்டு, பொரியல் பண்ணி அவருக்கும் போட்டு நானும் சாப்பிடுகிறேன். ஒரு வாரமாக அதே வாழைத்தண்டு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஊசி போட்ட மாதத்திலிருந்து ராத்திரி இவருக்கு உடம்பு திடீரென்று கொதிக்கிறது, நெஞ்சிலிருந்து முகம் வரைக்கும் சூடு ஏறி, பனியன் பிழிகிற மாதிரி வேர்த்து, பத்து நிமிஷத்தில் குளிர் எடுக்கிறது. ஒரு ராத்திரிக்கு நாலு தடவை. போன வாரம் பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். 38 வருஷத்தில் இவர் என்னை விட்டுத் தனியாகப் படுத்தது பிரசவத்துக்கு நான் தாய்வீடு போனபோது மட்டும்தான். கோபமா என்று கேட்டேன், "தூங்கு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள்.


மன்னார்குடி_செல்வி
ஜூன் 10, காலை 6:15

அக்கா, விடிந்ததும் உங்கள் பதிவைத்தான் படித்தேன். முதலில் ஒன்று, எலும்புக்குப் போகவில்லை என்றால் அது பெரிய விஷயம், அதைத் தினமும் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று வருஷம் ஆகிறது. இவருக்கு ஆபரேஷன். சென்னையில் செய்தோம், மன்னை எக்ஸ்பிரஸில்தான் போக வர. ரயிலில் கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் கட்டணம் இல்லை, கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு கழிவு. ஆஸ்பத்திரியில் அதற்கென்று படிவம் இருக்கிறது, டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ரயில்வே கவுன்டரில் கொடுக்க வேண்டும். இது எங்களுக்கு மூன்றாவது பயணத்தில்தான் தெரிந்தது. நீங்கள் தஞ்சாவூர்தான் என்றாலும் பின்னால் சென்னை போக நேர்ந்தால் உதவும்.

நாங்களும் சொல்லவில்லை அக்கா, "ஹெர்னியா" என்று சொன்னோம். பத்து நாள் டியூபோடு வீட்டில் இருந்தார், யூரின் பையை வேட்டிக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டு. பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள், காபி கொடு, முறுக்கு கொடு, பை நிறைந்துகொண்டே இருக்கும், இவர் என் முகத்தையே பார்ப்பார். உண்மை தெரிந்த வீடாக இருந்தால் நான் "ஒரு நிமிஷம் வெளியில் இருங்கள்" என்று சொல்லியிருப்பேன். ஹெர்னியாவுக்கு எதற்குப் பை?

டியூபை எடுத்த பிறகு கசிவு. இருமினால், தும்மினால், நாற்காலியிலிருந்து எழுந்தால். முதல் இரண்டு மாதம் ஒரு நாளைக்கு நாலு பேட். ஒண்ணுக்கை அடக்குகிற தசையை இறுக்கி இறுக்கி விடுகிற பயிற்சி கற்றுக்கொடுத்தார்கள், செய்யச் செய்ய எட்டாவது மாதத்தில் ஒரு பேடுக்கு வந்தது. மன்னார்குடி மருந்துக்கடையில் கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று நான் திருவாரூர் போய் வாங்கி வந்தேன். பஸ்ஸில் அந்தப் பெரிய பொட்டலத்தைப் புடவைக்கடைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வருவேன். இப்போது நினைத்தால் அந்த மறைப்புக்கே என் பாதித் தெம்பு போயிருக்கிறது.


நீடாமங்கலம்_குமார்
ஜூன் 10, காலை 9:02

அம்மா, நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சொல்லாதீர்கள். என் தங்கைக்கு நிச்சயம் வரை வந்த சம்பந்தம், அம்மாவுக்கு மார்பில் கேன்சர் என்று தெரிந்ததும் பிள்ளை வீட்டார் "பரம்பரை வியாதி" என்று பின்வாங்கினார்கள். வெளியில் "ஜாதகம் சரியில்லை" என்றார்கள். தங்கைக்கு அப்புறம் நல்ல இடம் அமைந்தது, ஆனால் அந்த இரண்டு வருஷம் அம்மா "என்னால்தான்" என்று அழுததை நான் பார்த்தேன். மருந்தைவிட அது அவரை உருக்கியது. சின்னவள் கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். ஊர் வாய் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.


கும்பகோணம்_சிஸ்டர்
ஜூன் 10, பகல் 1:30

நான் 31 வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் அம்மா கேட்டதற்குப் பதில்.

அந்தக் கொதிப்பு ஹார்மோன் ஊசியால் வருவது. ஆண்களுக்கான ஹார்மோன்தான் இந்தக் கேன்சருக்குத் தீனி, ஊசி அதை அடியோடு இறக்கிவிடுகிறது. 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னது, அதற்காக 1966-இல் நோபல் பரிசு வாங்கினார். இன்றைக்கும் வைத்தியத்தின் அஸ்திவாரம் அதுதான். நமக்கு மாதவிடாய் நிற்கும்போது வந்த அதே சூடு இப்போது அவருக்கு. உங்களுக்கு அது வந்தபோது எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள், அவர் நிலை புரிந்துவிடும். சுடச்சுடக் காபி, காரம், ராத்திரி வயிறு முட்டச் சாப்பாடு, இது மூன்றும் கிளப்பிவிடும். காபியை ஆற்றிக் கொடுங்கள். பனியன் வேண்டாம், மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றைத் தலைமாட்டில் வையுங்கள், ஒரு சொம்பு தண்ணீரும். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் மாத்திரை உண்டு.

இந்த ஊசியில் எலும்பு இளைக்கும், சதை கரையும், சர்க்கரை ஏறும், காரணம் இல்லாமல் கண்ணில் தண்ணீர் வரும். கால்சியம், வைட்டமின் டி எழுதிக் கொடுத்திருந்தால் விடாமல் கொடுங்கள். கேழ்வரகு, நெத்திலி, முருங்கைக்கீரை நல்லது. நடக்கச் சொல்லுங்கள், ஆனால் ஈர வரப்பில் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு தாங்காது, தடி ஊன்றித்தான் போக வேண்டும். முதுகில் புதிதாகக் கடும் வலி வந்தாலும், கால் மரத்தாலும், தள்ளாடினாலும், ஒண்ணுக்கு அடைத்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போக வேண்டும், ராத்திரி என்றாலும்.

இப்போது குமார் தம்பிக்கு. உங்கள் அம்மா பட்டதை நான் குறைத்துப் பேசவில்லை. ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது ஊர் இல்லை, கூடப் பிறந்தவர். அண்ணனுக்கோ அப்பாவுக்கோ புராஸ்டேட் கேன்சர் இருந்தால் அந்த மனிதருக்கு வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொழுந்தனாருக்கு என்ன வயது அம்மா? அறுபதை ஒட்டி இருக்கும் இல்லையா? அவர் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர். அது அவருக்கு எப்படித் தெரியும்?


வலங்கைமான்_அம்மா
ஜூன் 10, இரவு 10:20

சிஸ்டர், கொழுந்தனாருக்கு 61. நீங்கள் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. இத்தனை நாளும் இதை மானம், கல்யாணம் என்றுதான் நினைத்தேன், இப்படி ஒரு கோணம் இருக்கும் என்று தோன்றவே இல்லை.


நலம்_விரும்பி
ஜூன் 11, காலை 7:44

ஊசி, கரண்ட் எல்லாம் உடம்பைக் கெடுக்கும். முள் சீத்தா இலையைக் கஷாயம் போட்டு 48 நாள் குடித்தால் போதும், எங்கள் பக்கத்தில் பலருக்குக் குணமாகியிருக்கிறது. ஊசியை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள்.


மன்னார்குடி_செல்வி
ஜூன் 11, காலை 8:10

ஐயா, நல்லெண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் ஊசியை நிறுத்தச் சொல்லாதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் இப்படித்தான் ஆறு மாதம் கஷாயத்தில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது எலும்பில் பரவி, படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. அந்தக் கஷாயம் மனிதர்களிடம் கேன்சரைக் குணமாக்கியதாக நிரூபணம் கிடையாது. அக்கா, வேறு எது கொடுப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.


குத்தாலம்_வாத்தியார்
ஜூன் 11, பிற்பகல் 4:55

இந்த இழையில் வியாதிக்காரன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது, ஆகவே எழுதுகிறேன். வயது 71. நான்கு வருஷமாக ஊசி. எனக்கு எலும்பில் இருக்கிறது. ஊசியோடு அபிராடெரோன் என்று ஹார்மோனை அடக்குகிற மாத்திரையும் போடுகிறேன், தினம் நான்கு, வெறும் வயிற்றில், கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. மாத்திரைக்குப் பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்பதால் என் மனைவி அடுப்பைப் பற்றவைப்பதே என் மாத்திரை நேரத்தைப் பார்த்துத்தான்.

அம்மா, திண்ணையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் இரண்டு வருஷம் கூடத்தில் தனியாகப் படுத்தேன். ஏன் என்று இவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், முன்பின் தெரியாதவர் என்பதால் சொல்ல முடிகிறது.

இந்த ஊசி அந்த ஆசையை எடுத்துவிடுகிறது. குறைப்பது இல்லை, எடுத்துவிடுகிறது. வயசாகிவிட்டதே, அதனால் என்ன என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். ஆனால் பக்கத்தில் படுத்திருக்கும்போது அவள் கை தற்செயலாக மேலே பட்டால்கூட, இவள் எதையாவது எதிர்பார்க்கிறாளோ, நம்மால் ஆகவில்லையே என்று உடம்பு சுருங்கும். அதற்கு மேல் வேர்வை. ஈரப் பாயில் அவளையும் எழுப்பிவிட வேண்டுமே என்ற கூச்சம். அதற்கும் மேல் அழுகை. நாற்பது வருஷம் பிரம்போடு வகுப்பறையில் நின்றவன், டி.வி.யில் ஒரு கன்றுக்குட்டியைப் பார்த்துவிட்டு விசும்பினேன். அதை யார் கண்ணிலும் படாமல் செய்ய இருட்டும் தனிமையும் வேண்டும், அதற்குத்தான் கூடம்.

வெறுப்பு இல்லை அம்மா. கோபமும் இல்லை. ஒரு நாள் என் மனைவி எதுவும் கேட்காமல் தன் பாயையும் கொண்டுவந்து கூடத்தில் இரண்டு அடி தள்ளிப் போட்டாள். ஒட்டிப் போடவில்லை, இரண்டு அடி தள்ளி. மின்விசிறியை நடுவில் வைத்தாள். "இங்கேதான் காற்று வருகிறது" என்றாள். அன்றைக்குத்தான் நான் தூங்கினேன்.


சிங்கப்பூர்_தம்பி
ஜூன் 12, இரவு 12:25

வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு அலுவலகக் கழிவறையில் போய் நின்றுவிட்டு வந்தேன். எங்கள் ஊர் நன்னிலம் பக்கம். என் அப்பா இதே வியாதியை ஒன்பது மாதம் எனக்குச் சொல்லவில்லை. "பிள்ளை அங்கே தனியாகக் கிடக்கிறான், வேலையைப் பார்க்கட்டும்" என்று அம்மாவுக்கு உத்தரவு. நான் வாரா வாரம் வீடியோவில் பேசினேன், அப்பா கேமராவுக்கு நேராக உட்கார்ந்து சிரித்தார். அம்மா மட்டும் பேச்சின் நடுவில் எழுந்து எழுந்து போவார். அம்மாவுக்கு என்மேல் ஏதோ வருத்தம் என்று நினைத்து ஒரு தடவை கத்திக்கூட இருக்கிறேன். விஷயம் தெரிந்தபோது அப்பாவின் வியாதியைவிட அந்தக் கத்தலைத்தான் தாங்க முடியவில்லை. அம்மா, உங்கள் சின்னவளுக்குக் கல்யாணம் ஆகப்போகிற வயது என்றால் விவரம் தெரிந்த வயதுதான். அவளும் வீட்டில்தானே இருக்கிறாள், வாழைத்தண்டை அவளும்தானே சாப்பிடுகிறாள்.


நீடாமங்கலம்_குமார்
ஜூன் 12, காலை 9:30

சிஸ்டர் சொன்ன இரண்டு மடங்கு விஷயம் எனக்குத் தெரியாது. கூடப் பிறந்தவருக்குச் சொல்ல வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். சம்பந்தம் பேச வருகிறவர்கள் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.


வலங்கைமான்_அம்மா
ஜூன் 14, இரவு 11:05

எல்லோருக்கும் ஒவ்வொருவராகப் பதில் எழுத ஆசை, கை வலிக்கிறது, சேர்த்தே எழுதுகிறேன்.

12-ஆம் தேதி மேட்டூர் திறந்தார்கள். இவருக்கு அது தீபாவளி மாதிரி. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர இன்னும் நாள் ஆகும் என்று தெரிந்தும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையைப் பார்க்கக் கிளம்பினார். தடி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், முறைத்தார். மண்வெட்டியையே தடியாக ஊன்றிக்கொண்டு போனார், சரி என்று விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி பாயைத் திண்ணைக்கு எடுத்துப்போனேன். வாத்தியார் ஐயா வீட்டு அம்மா மாதிரியே இரண்டு அடி தள்ளி. இவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை சூடு ஏறியபோது நான் எழவில்லை, தலைமாட்டுத் துண்டை மட்டும் கை நீட்டி அவர் பக்கம் நகர்த்தினேன். துடைத்துக்கொண்டே "இது உனக்கும் இப்படித்தான் இருந்ததா?" என்று கேட்டார். எனக்கு மாதவிடாய் நின்று எட்டு வருஷம் ஆகிறது. அந்த வருஷங்களில் அவர் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இருட்டில் விடிய விடியப் பேசினோம். தம்பிக்குச் சொல்ல வேண்டும் என்று நான் அப்போதும் சொல்லவில்லை. தம்பிக்கும் வர வாய்ப்பு உண்டாம் என்று மட்டும் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார். அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகு பேசவில்லை.


கும்பகோணம்_சிஸ்டர்
ஜூன் 15, காலை 10:00

விட்டுவிடுங்கள், அது உள்ளே வேலை செய்யும்.

கரண்ட் வைக்கப் போகும் முன் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிற மையத்துக்குப் போக வேண்டும். குடும்பத்தோடு போங்கள், போட்டோ எடுப்பார்கள்.

உங்கள் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? நீங்கள் பிரஷர் என்று எழுதவில்லை, என் அனுபவத்தில் கேட்கிறேன்.


வலங்கைமான்_அம்மா
ஜூன் 15, பகல் 2:15

சர்க்கரை, சிஸ்டர். இரண்டு மாதமாக மாத்திரை வாங்கவே இல்லை. இன்றைக்கு வாங்கிவிடுகிறேன்.


வலங்கைமான்_அம்மா
ஜூலை 24, இரவு 9:50

இன்றோடு 13 கரண்ட் முடிந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, சனி ஞாயிறு கிடையாது. ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம்கூட ஆவதில்லை, ஆனால் அதற்கு ஒரு நாள் முழுக்கப் போகிறது.

மற்றவர்களுக்குப் பயன்படும் என்று விவரமாக எழுதுகிறேன். மலம் கழித்து வயிறு காலியாக இருக்க வேண்டும், உள்ளே சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் குடலும் சிறுநீர்ப்பையும் கதிர் படுகிற இடத்திலிருந்து விலகி நிற்குமாம். கூப்பிடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒண்ணுக்குப் போய்விட்டு அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கி வைக்க வேண்டும். நாங்கள் முதல் நாள் வீட்டிலிருந்தே குடித்துவிட்டுப் போனோம், பாபநாசம் தாண்டுவதற்குள் பஸ்ஸை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அதிலிருந்து ஆஸ்பத்திரியில் போய்த்தான் குடிப்பது. அரை லிட்டர் பாட்டிலை நான் கையில் வைத்துக்கொள்வேன், உள்ளே வேலை பார்க்கிற தங்கையிடம் "இன்னும் எத்தனை பேர்" என்று கேட்டுவிட்டு, நேரம் பார்த்து, டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுப்பேன்.

ஐந்தாம் நாள் எந்திரம் நின்றுவிட்டது. இவர் தண்ணீர் குடித்து முக்கால் மணி ஆகியிருந்தது. ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள், போய்விட்டு வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்தார், எழுந்த இடத்திலேயே ஆகிவிட்டது. வேட்டி, நாற்காலி, தரை. வரிசையில் முப்பது பேர். இவர் முகத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். என் ஒயர் கூடையில் இன்னொரு வேட்டி இருந்தது, வாத்தியார் வீட்டு அம்மா சொல்லி அனுப்பியது (ஐயா மூலமாகத் தனிச்செய்தியில் சொன்னார்கள், அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்). நான் அதை எடுப்பதற்குள் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், தன் தோள் துண்டைத் தரையில் போட்டுக் காலால் துடைத்துக்கொண்டே "எனக்கு நேற்று, உங்களுக்கு இன்று, இங்கே எல்லோருக்கும் உண்டு, உட்காருங்கள்" என்றார். வரும்போது பஸ்ஸில் இவர் ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வெட்டாறு பாலம் தாண்டியதும் "அந்த மனுஷன் யாரென்றே தெரியாது, அவருக்குத் தெரிகிறது, என் தம்பிக்குத் தெரியாது" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

பத்து கரண்டுக்கு மேல் ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல் ஆரம்பித்தது, பேதி மாதிரியும் போகிறது. பயறு, முட்டைக்கோஸ், பலா எல்லாம் நிறுத்திவிட்டேன், குழைந்த சோறும் மோரும்தான். திருவையாறு அசோகா வாங்கித் தரச் சொல்லிச் சின்னக் குழந்தை மாதிரிக் கேட்கிறார், சர்க்கரை ஏறியிருக்கிறதே என்று ஒரே ஒரு தடவை ஒரு ஸ்பூன் கொடுத்தேன்.


குத்தாலம்_வாத்தியார்
ஜூலை 25, காலை 6:30

கரண்ட் முடிந்து சில வாரத்தில் எரிச்சல் அடங்கிவிடும், டாக்டரிடம் சொல்லி வைத்தால் போதும். அந்தப் பட்டுக்கோட்டைக்காரரை விட்டுவிடாதீர்கள். கைபேசி எண் வாங்கிக்கொள்ளுங்கள். என்னைக் காப்பாற்றியவர்களில் பாதிப் பேர் அந்த வரிசையில் கிடைத்தவர்கள்தான்.


வலங்கைமான்_அம்மா
ஆகஸ்ட் 5, இரவு 8:40

20-உம் முடிந்தது. நடுவில் ஆடிப்பெருக்கு. எல்லோரும் சேர்ந்துதான் ஆற்றுக்குப் போவோம், இரண்டு குடும்பமும். படித்துறையில் நானும் ஓரகத்தியும் காப்பரிசி, காதோலைக் கருகமணி வைத்துக் கும்பிட்டோம், மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டோம். இவரும் தம்பியும் மேல்படியில். இவருக்குத் தண்ணீரைப் பார்த்ததும் அவசரம் வந்துவிட்டது, இரண்டு படி ஏறுவதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. கொழுந்தனார் பார்த்துவிட்டார். "கல்லுக்கு இப்படி ஆகாதே அண்ணே" என்று மட்டும் கேட்டாராம்.

படித்துறையிலேயே சொல்லிவிட்டார். கீழே நாங்கள் நிற்கிறோம், மேலே இரண்டு பேரும் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் அழுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஓரகத்தி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். அவளுக்கு வந்தது கோபம்தான். "இரண்டு மாதமாக வாழைத்தண்டு நறுக்கினேனே அக்கா, என்னிடம் சொல்லக் கூடாதா" என்று கையை உதறிவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சுவருக்கு மேலே ஒரு தூக்கு வந்தது, நெத்திலிக் குழம்பு. எலும்புக்கு நல்லது என்று யாரிடமோ விசாரித்திருக்கிறாள்.

சின்னவளிடமும் அன்று ராத்திரியே சொன்னோம். அவளுக்கு மே மாதமே தெரியுமாம். மருந்துச் சீட்டில் இருந்த ஊசிப் பெயரைக் கைபேசியில் போட்டுப் பார்த்திருக்கிறாள். நாங்கள் சொல்லும் வரை காத்திருந்தாளாம். வரன் பேச வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொள்கிறேன் என்கிறாள். குமார் தம்பி, உங்கள் பயம் எனக்கும் இருக்கிறது, போகவில்லை. ஆனால் அது இனி அவள் கையில்.


சிங்கப்பூர்_தம்பி
ஆகஸ்ட் 6, காலை 7:10

மே மாதமே தெரியும் என்கிற வரியில் நின்றுவிட்டேன். தங்கைக்கு என் அன்பு.


மன்னார்குடி_செல்வி
ஆகஸ்ட் 6, காலை 9:20

நெத்திலிக் குழம்பு வந்துவிட்டதா, இனிக் கவலை இல்லை அக்கா. கொழுந்தனார் டெஸ்ட் எடுத்தாரா?


வலங்கைமான்_அம்மா
செப்டம்பர் 28, இரவு 10:35

தாமதத்துக்கு மன்னியுங்கள், குறுவை அறுப்பு. இவருடைய பி.எஸ்.ஏ. 0.4-க்கு வந்திருக்கிறது. டாக்டர் சந்தோஷப்பட்டார், ஊசி மட்டும் இரண்டு வருஷமும் தொடர வேண்டும். கை தளர்ந்துதான் இருக்கிறது, முன்பு ஒற்றை ஆளாகத் தூக்கிய மூட்டையை இப்போது அசைக்க முடியவில்லை, அதுதான் இவருக்குக் கேன்சரைவிடப் பெரிய துக்கம். தினம் காலையில் இரண்டு தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கித் தூக்கி இறக்குகிறார், சிஸ்டர் சொன்னதுதான்.

கொழுந்தனாரை இவரே கும்பகோணம் கூட்டிக்கொண்டு போனார். 6.2 வந்தது. எங்களுக்கு உயிரே போய்விட்டது. வீக்கம், கிருமித் தொற்று இருந்தாலும் ஏறும், உடனே பயப்பட வேண்டாம், ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த வியாழன் அந்தத் தேதி. கொழுந்தனார் வெளியில் தைரியமாகத்தான் இருக்கிறார். இவர்தான் தம்பிக்காகத் தூங்காமல் இருக்கிறார்.

இப்போது இரண்டு பேரும் கொள்முதல் நிலையத்தில் இருக்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நெல்லைத் திருப்பிவிட்டார்கள், காயவைத்துக் காவல் இருக்க வேண்டும். நீங்கள் போக வேண்டாம் என்று நானும் ஓரகத்தியும் எவ்வளவோ சொன்னோம். தம்பி தார்ப்பாய் எடுத்துக்கொண்டார், அண்ணன் துண்டும் தண்ணீரும் மாற்று வேட்டியும். சற்று முன் கொழுந்தனாரிடமிருந்து போன். "அண்ணி, அண்ணனுக்கு இப்பதான் ஒரு தடவை வேர்த்தது, துடைத்துவிட்டேன், தூங்குகிறார், நீங்கள் படுங்கள்" என்றார்.

வியாழக்கிழமை போய்விட்டு வந்து எழுதுகிறேன்.